சொந்த சர்வர் - 7: எஃப்டிபி இனி எதற்கு?

வாடகைக்கு ஒரு விபிஎஸ் எடுத்து, உபுண்டு போட்டு, என்ஜின்எக்ஸையும் ஓடவிட்டாயிற்று. இனி வீட்டுக் கம்ப்யூட்டரில் உள்ள கோப்புகளை அங்கே ஏற்ற வேண்டும். பலர் உடனே ஓர் எஃப்டிபி சர்வரை நிறுவக் கிளம்புகிறார்கள். அது வேண்டாம் என்பதே என் கட்சி. கான்பூர் ஐஐடியில் படித்து எம்ஐடிக்குப் போன அபய் பூஷண் 1971 ஏப்ரலில் எழுதிய விதிமுறை அது. அர்பாநெட்டில் அன்று இருந்தவை சில பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கூடங்களும்தான். நடுவில் ஒருவன் ஒட்டுக்கேட்பான் என்று அஞ்சத் தேவையிருக்கவில்லை. அந்த வெள்ளந்தித்தனம் இன்னும் போகவில்லை. 21ஆம் போர்ட்டில் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் எழுத்துக்கு எழுத்து அப்படியே போகின்றன. வழியில் வயர்ஷார்க்கைத் திறந்து வைத்திருப்பவர் வாசித்துக்கொள்ளலாம். 1995இல் ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக நெட்வொர்க்கில் கடவுச்சொற்கள் ஒட்டுக்கேட்டுத் திருடப்பட்ட பிறகே தாத்து உலோனென் எஸ்எஸ்ஹெச்சை எழுதினார்.

‘என் தளத்தில் ரகசியமே இல்லையே’ என்பார்கள். இருக்கட்டும், பறிபோவது எழுதும் உரிமை. ஒரே ஒரு பிஎச்பி கோப்பை உள்ளே தள்ளினால் போதும், உங்கள் தளம் ஊருக்கெல்லாம் ஸ்பேம் அனுப்பத் தொடங்கிவிடும். எஃப்டிபிக்கே டிஎல்எஸ் போர்த்தி எஃப்டிபிஎஸ் ஆக்கலாமே என்பது இதைவிட வலுவான கேள்வி. ஆக்கலாம், குறியாக்கத்தில் குறையில்லை. ஆனால் கோப்புகள் தனி இணைப்பில் போவதால் ஃபயர்வாலில் ஒரு வரிசை போர்ட்டுகளைத் திறந்துவிட வேண்டும். பராமரிக்க இன்னொரு மென்பொருளும் சேரும். 2011இல் விஎஸ்எஃப்டிபிடி 2.3.4இன் தரவிறக்கக் கோப்பில் யாரோ பின்கதவு வைத்தார்கள். பயனர் பெயரோடு ஒரு சிரிப்புக் குறியைத் தட்டினால் 6200ஆம் போர்ட்டில் ரூட் அதிகாரம் கிடைத்தது! ஓப்பன்எஸ்எஸ்ஹெச்சிலும் 2024இல் பெரிய ஓட்டை வெளிப்பட்டதே என்றால், உண்மைதான். ஆனால் சர்வரை நிர்வகிக்க அது எப்படியும் வேண்டும். அதற்குள்ளேயே கோப்புகளை ஏற்றும் எஸ்எஃப்டிபி இருக்கும்போது இரண்டாவது வாசல் எதற்கு?

இருப்பதை அப்படியே விட்டுவிடவும் கூடாது. கோப்பு ஏற்றுபவருக்கு ஷெல் தேவையில்லை. அவருக்கென்று தனிக் கணக்கு திறந்து, ‘இன்டர்னல்-எஸ்எஃப்டிபி’யைக் கட்டாயமாக்கி, ‘குரூட் டைரக்டரி’யால் ஒரு ஃபோல்டருக்குள் அடைத்துவிடலாம். பெரும்பாலோர் தடுக்கி விழுவது இங்கேதான். அடைக்கும் ஃபோல்டர் ரூட்டுக்குச் சொந்தமாக இருக்க வேண்டும், வேறு யாருக்கும் எழுதும் அனுமதி கூடாது. 775 என்று வைத்தால் உள்நுழைந்த மறுகணமே இணைப்பு அறுந்துவிடும். அனுமதியைத் தளர்த்தினால் சரியாகும் என்று 777 போடுவது வழக்கமான மடமை. 755 வைத்து, எழுதுவதற்கு உள்ளே தனி ஃபோல்டர் கொடுங்கள். எஸ்எஸ்ஹெச்சின் 22ஆம் போர்ட்டை மாற்றுவது பாதுகாப்பல்ல, லாகில் இரைச்சல் குறையும், அவ்வளவுதான். உண்மையான காவல் இடி25519 சாவி. அதற்கும் ஒரு பாஸ்ஃப்ரேஸ் போட்டுவிட்டால், லேப்டாப் தொலைந்தாலும் சர்வரில் அந்தச் சாவியின் வரியை நீக்க அவகாசம் கிடைக்கும். சாவி வேலை செய்கிறது என்று உறுதியான பின்னரே கடவுச்சொல் நுழைவை நிறுத்துங்கள். நிறுத்திய பிறகும், இன்னொரு ஜன்னலில் புதிதாக உள்ளே போய்ப் பார்க்கும்வரை பழைய டெர்மினலை மூடாதீர்கள்.