உங்களுக்குத் தெரியுமா? ‘உன் இஷ்டம்’

‘விரும்பப்பட்டது’ என்று பொருள்படும் வடசொல்லான ‘இஷ்ட’ தமிழில் இஷ்டம் ஆனது. பழைய நூல்களில் இட்டம். குலதெய்வம் பிறப்போடு வருவது, இஷ்ட தெய்வம் நாமே தேர்ந்துகொள்வது. கல்யாணமானதும் பெண்ணுக்குப் புகுந்த வீட்டுக் குலதெய்வம்தான் என்பது வழக்கம். ஆனால் சிறுவயதிலிருந்து அவள் கும்பிட்டுவந்த முருகனை யாரும் மாற்ற முடியாது. அந்த ஒரு தேர்வாவது அவளுக்கு மிஞ்சியது பெரிய விஷயம்!

பேச்சில் தொனியைக் கவனிக்க வேண்டும். ‘எந்தக் கலர் வேணும்? உங்க இஷ்டம்’ என்று கடைக்காரர் சொன்னால் தாராளம். மகள் வெளியூர் வேலைக்குப் போகக் கேட்கும்போது, அப்பா பேப்பரிலிருந்து தலை நிமிராமல் ‘உன் இஷ்டம்’ என்றால் அவருக்கு இஷ்டமில்லை. ‘இஷ்டத்துக்குப் பேசாதே’ என்பதிலோ நேரடிக் கண்டிப்பு. விருப்ப ஓய்வு, விருப்பப் பாடம், கட்சிக்காரர்களின் விருப்ப மனு என எழுத்து வழக்கில் ‘விருப்பம்’தான்.