புருவ நடுவில் ஒரு துளி விஷம்

1987-ல் வான்கூவர் கண் மருத்துவர் ஜீன் கரூதர்ஸிடம் ஒரு பெண்மணி கோபித்துக்கொண்டார். இமைகள் தாமாக இறுகி மூடிக்கொள்ளும் நோய் அவருக்கு; அதற்காகத்தான் போடாக்ஸ் ஊசி. இந்த முறை புருவ நடுவில் ஏன் ஊசி போடவில்லை என்று கேட்டார். அங்கே துடிப்பு இல்லையே என்றார் மருத்துவர். அங்கே போட்டால்தான் முகம் கவலையில்லாமல் தெளிந்திருக்கிறது என்றார் நோயாளி. ஜீனின் கணவர் அலஸ்டர் தோல் மருத்துவர். புருவ மடிப்பைப் போக்க வழி தேடிக்கொண்டிருந்தவர். 1992-ல் இருவரும் இதுபற்றி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். போடாக்ஸ் அழகுக்கலைக்குள் வந்த கதை இதுதான்.

அதற்கு முன்பே மாறுகண்ணைக் கத்தியின்றி நேராக்க இதைப் பயன்படுத்தியிருந்தார் சான் பிரான்சிஸ்கோவின் ஆலன் ஸ்காட். இத்தனைக்கும் இது கெட்டுப்போன சாசேஜிலும் சரியாகப் பதப்படுத்தாத டப்பா உணவிலும் ஒரு பாக்டீரியா உண்டாக்கும் நச்சு. நாம் அறிந்த நஞ்சுகளில் இதைவிடக் கொடியது இல்லை.

தசை சுருங்க வேண்டுமானால் நரம்பு நுனியிலிருந்து அசிடைல்கோலின் என்ற ரசாயனம் வெளிவர வேண்டும். நுண்பைகளில் அடைபட்டிருக்கும் அதை வெளியே விடும் புரதங்களில் ஒன்று ஸ்னாப்-25. நச்சு நரம்புக்குள் புகுந்து அந்தப் புரதத்தை வெட்டிவிடுகிறது. மூளை ஆணையிட்டாலும் தசைக்குச் சேதி எட்டாது. தசை சாவதில்லை, சும்மா கிடக்கிறது. மூன்று, நான்கு மாதத்தில் நரம்பு சரியாகிவிடும். மறுபடி ஊசி, மறுபடி செலவு. முகம் சுளிக்கையில் விழும் கோடுகளுக்குத்தான் இது கைகொடுக்கும். வெயிலில் தளர்ந்த தோலை ஒன்றும் செய்யாது. விளம்பரங்கள் இதை அழுத்திச் சொல்வதில்லை.

வியர்வைச் சுரப்பிக்கும் சேதி அசிடைல்கோலின் வழிதான். அதனால் அக்குள் வியர்வைக்கு இது 2004-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

தலைவலி விஷயத்திலும் நோயாளிகளே முந்திக்கொண்டார்கள். நெற்றிச் சுருக்கத்துக்கு ஊசி போட்டுக்கொண்டவர்கள் ஒற்றைத் தலைவலியும் குறைந்ததாகச் சொல்ல, ஆய்வுகள் தொடர்ந்தன, 2010-ல் அனுமதி. மாதத்தில் பாதி நாள் தலைவலியோடு வாழ்பவர்களுக்கு மட்டும்: தலையிலும் கழுத்திலும் 31 இடங்களில் 155 யூனிட், 12 வாரத்துக்கு ஒருமுறை. புருவ மடிப்புக்கோ ஐந்து குத்தலில் 20 யூனிட் போதும்.

பெருமூளை வாதத்தால் கெண்டைக்கால் விறைத்து நுனிக்காலில் நடக்கும் குழந்தைகளுக்கும் இதே மருந்துதான். தசை தளர்ந்திருக்கும் அந்தச் சில மாதங்களுக்குள் பிசியோதெரபி மும்முரமாக நடக்க வேண்டும்.

ஊசி சற்றுத் தவறினால் இமை சில வாரம் தொங்கும். ஒரு கம்பெனியின் யூனிட்டும் இன்னொன்றின் யூனிட்டும் சமமல்ல. போட்டுக்கொள்கிறவர் அளவோடு மருந்தின் பெயரையும் கேட்டு எழுதி வைத்துக்கொள்வது நல்லது.