மதர்போர்டோடு போன உரிமம்

எங்கள் தெருவில் எல்லோருக்கும் அவர் 'சார்'. ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் செய்தார். "தம்பி, கம்ப்யூட்டர்ல வலது பக்கம் கீழே ஏதோ எழுத்து வந்து நிக்குது. துடைச்சுப் பார்த்துட்டேன், போக மாட்டேங்குது."

போய்ப் பார்த்தேன். மங்கிய சாம்பல் நிறத்தில் இரண்டு வரி. விண்டோஸை ஆக்டிவேட் செய்யச் சொல்லும் வரிகள். எதைத் திறந்தாலும் அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும் அந்த எழுத்தை ஈரத்துணியால் துடைக்க முடியாதுதான்.

சாருடைய கம்ப்யூட்டர் 2011-இல் அசெம்பிள் செய்தது. மற்றவர்கள் இலவசமாக ஏற்றிக்கொண்ட காலத்தில், இவர் விண்டோஸ் 7 புரொஃபஷனலைப் பெட்டியோடு காசு கொடுத்து வாங்கினார். 2016-இல் இலவசமாக விண்டோஸ் 10-க்கு மாறினார். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு 10-க்கான ஆதரவு முடிந்ததும், 11 போட்டுத் தரச் சொல்லிக் கடைக்குக் கொண்டுபோனார். 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி பழைய மதர்போர்டில் கிடையாது. கடைக்காரர் போர்டு, பிராசசர், ராம், எஸ்எஸ்டி எல்லாவற்றையும் மாற்றி, 11-ஐ ஏற்றி, பழைய ஹார்ட் டிஸ்கை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுத் திருப்பித் தந்துவிட்டார்.

"சும்மா போட்டது இல்ல தம்பி, பில்லே இருக்கு" என்று சார் ஃபைலை எடுத்து வந்தார். பில் இருந்தது. பெட்டி இருந்தது. பெட்டிக்குள் 25 எழுத்துச் சாவி அச்சிட்ட ஸ்டிக்கரும் இருந்தது. உரிமம்தான் எங்கேயோ போய்விட்டது.

எங்கே போனது என்று கண்டுபிடிக்க, முதலில் அது எங்கே குடியிருந்தது என்று தெரிய வேண்டும். கடந்த 25 ஆண்டுகளில் விண்டோஸ் உரிமம் அடிக்கடி வீடு மாற்றியிருக்கிறது. ஓஎஸ் மாற்றும்போது வரும் குழப்பங்களில் பாதி, அதன் பழைய முகவரியில் போய்க் கதவைத் தட்டுவதால் வருகிறது.

2001 அக்டோபரில் விண்டோஸ் எக்ஸ்பி வரும்வரை ஒரே சாவியை ஊர் முழுக்கப் பயன்படுத்தலாம், கேட்க ஆளில்லை. எக்ஸ்பிதான் 'ஆக்டிவேஷன்' என்ற கணக்கெடுப்பைக் கொண்டுவந்தது. சாவியின் அமைப்பே சுவாரசியமானது. அதில் ஏ, இ, ஐ, ஓ, யு என்ற ஆங்கில உயிரெழுத்துகள் வரவே வராது. தவறிப்போய்க் கெட்ட வார்த்தை எதுவும் அமைந்துவிடாது. பூஜ்யமும் ஒன்றும் கிடையாது. ஓ-வா பூஜ்யமா என்ற சண்டைக்கு இடமில்லை. வேறு சில எழுத்துகளையும் இன்னோர் எண்ணையும் விலக்கியபின் எக்ஸ்பி சாவியில் மிஞ்சியது 17 எழுத்துகளும் 7 எண்களும். இந்த 24 குறிகளை 25 இடங்களில் நிரப்பினால் கிடைக்கும் சேர்க்கைகளின் எண்ணிக்கை 35 இலக்கம் கொண்டது. சாரிடம் சொன்னபோது மனதுக்குள் ஒருமுறை கணக்குப் போட்டுவிட்டுத் தலையாட்டினார்.

ஆனால் சாவியைப் பிரதி எடுக்கலாம். அதனால் எக்ஸ்பி சாவியோடு கம்ப்யூட்டரின் அங்க அடையாளங்களையும் சேர்த்துப் பார்த்தது. ஹார்ட் டிஸ்க், கிராஃபிக்ஸ் கார்டு, நெட்வொர்க் கார்டு, ராம் அளவு என்று பத்து வகை உறுப்புகளிலிருந்து ஒரு சுருக்கக் குறியீடு. பள்ளிச் சான்றிதழில் மச்சம் குறிப்பதுபோலத்தான். ஒன்றிரண்டு உறுப்பு மாறினால் பொறுத்துக்கொள்ளும். பல மாறினால் வேறு ஆள் என்று முடிவுகட்டி மறுபடி ஆக்டிவேட் செய்யச் சொல்லும். பெரிய நிறுவனங்களுக்குக் கொடுத்த சாவிகளுக்கு மட்டும் இந்தச் சோதனை இல்லை. அப்படி ஒரு சாவி, எக்ஸ்பி கடைக்கு வருவதற்கு முன்பே கசிந்து உலகம் சுற்றியது. எஃப்சிகேஜிடபிள்யூ என்று தொடங்கும் அந்தச் சாவியை மனப்பாடமாகச் சொல்லக்கூடிய மெக்கானிக்குகளை நானே பார்த்திருக்கிறேன். 2002-இல் வந்த முதல் சர்வீஸ் பேக் அதைத் தடை செய்தது.

பிறகு உரிமம், மதர்போர்டிலேயே பதிந்திருக்கும் ஃபர்ம்வேர் என்ற மென்பொருளுக்குள், அதாவது பயாஸுக்குள் குடியேறியது. விண்டோஸ் 7 காலத்து பிராண்டட் கம்ப்யூட்டர்களில் தயாரிப்பாளரின் முத்திரை பயாஸில் பதிந்திருக்கும்; ஒரு நிறுவனத்தின் லட்சக்கணக்கான கம்ப்யூட்டர்களும் ஒரே பொதுச் சாவியில் ஓடும். அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருந்தது வேறு சாவி. தொழிற்சாலையில் அதைப் பயன்படுத்தியதே இல்லை. 2012-இல் விண்டோஸ் 8 வந்தபின் ஒவ்வொரு லேப்டாப்பின் ஃபர்ம்வேரிலும் அதற்கே உரிய சாவி எழுதப்படுகிறது. ஸ்டிக்கரில் சாவி அச்சிடும் வழக்கம் போயிற்று. ஓஎஸ் ஏற்றும்போது அது தானாகவே சாவியைப் படித்துக்கொள்ளும்.

2015-இல் விண்டோஸ் 10 வந்தபோது அடுத்த குடிபெயர்ப்பு. இலவசமாக மாறியவர்களுக்குத் தனிச் சாவி எதுவும் கொடுக்கப்படவில்லை. 'இந்த அடையாளமுள்ள கம்ப்யூட்டருக்கு உரிமம் உண்டு' என்று மைக்ரோசாஃப்ட் தன் சர்வரில் குறித்துவைத்துக்கொண்டது. டிஜிட்டல் உரிமம் என்பது இதுதான். அப்படி மாறிய புரோ கம்ப்யூட்டர் எதிலும் சாவியைத் தேடினால் கடைசி ஐந்து குறிகள் 3வி66டி என்றுதான் இருக்கும். சென்னையிலும் அதே, சிகாகோவிலும் அதே. அதைப் பத்திரமாக நோட்டில் எழுதிவைத்திருப்பவர்கள் உண்டு. பாவம், அது எல்லோருக்கும் பொதுவானது. எடிஷனைச் சொல்லுமே தவிர எதையும் ஆக்டிவேட் செய்யாது.

சர்வர் பார்க்கும் அடையாளத்தில் மதர்போர்டுக்குத்தான் முதலிடம். ஹார்ட் டிஸ்கை மாற்றலாம், ராமைக் கூட்டலாம், உரிமம் அசையாது. போர்டை மாற்றினால் சர்வரைப் பொறுத்தவரை அது புதுக் கம்ப்யூட்டர். சாரின் திரையில் வந்த 0எக்ஸ்803எஃப்7001 என்ற பிழை எண்ணுக்குப் பொருளும் அதுவே: இந்தக் கருவியின் பெயரில் உரிமம் எதுவும் காணோம்.

இந்தப் பிழை எண்களைப் பார்த்துப் பயப்படுகிறவர்களே அதிகம். உண்மையில் அந்தத் திரையில் உருப்படியான தகவல் அது ஒன்றுதான். எஃப்050 என்று முடிந்தால் சாவியைத் தப்பாக அடித்திருக்கிறீர்கள், அல்லது அந்தப் பதிப்புக்கு உரிய சாவி அது இல்லை. சி008 என்று முடிந்தால் அந்தச் சாவி அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டுவிட்டது. இணையத்தில் சில நூறு ரூபாய்க்கு வாங்கும் சாவிகளில் பலவற்றின் கதை இதுதான். நிறுவனத்துக்கென்று கொடுத்த சாவியைத் துண்டு போட்டு விற்றிருப்பார்கள்; வாங்கிய அன்று வேலை செய்யும், பின்னொரு நாள் தடைபடும்.

எஃப்074 என்று முடிந்தால் லேப்டாப்பின் பூர்வீகத்தை விசாரியுங்கள். அலுவலகங்கள் கழித்துவிட, செகண்ட் ஹேண்டில் வந்த லேப்டாப்பாக இருக்கக்கூடும். பெரிய அலுவலகங்களில் ஒவ்வொரு கம்ப்யூட்டரும் மைக்ரோசாஃப்ட்டிடம் போவதில்லை. அலுவலகத்துக்குள்ளேயே இருக்கும் ஒரு சர்வர் ஆக்டிவேட் செய்யும். குறைந்தது 25 கம்ப்யூட்டர்கள் கேட்டால்தான் அந்த சர்வர் வேலையைத் தொடங்கும். அது தரும் அனுமதியும் 180 நாளுக்குத்தான். ஏழு நாளுக்கு ஒருமுறை லேப்டாப் அதைப் புதுப்பித்துக்கொள்ளும். அலுவலகத்தை விட்டு வந்த லேப்டாப்புக்குப் புதுப்பிக்க சர்வர் ஏது? ஆறு மாதம் நன்றாக ஓடிவிட்டு மூலையில் எழுத்து வந்துவிடும். இதற்கு வைத்தியம் பெரும்பாலும் செலவில்லாதது. அதன் ஃபர்ம்வேரில் தயாரிப்பாளர் வைத்த புரோ சாவி தூங்கிக்கொண்டிருக்கலாம். முழுக்க ஃபார்மட் செய்து புரோ எடிஷனை ஏற்றினால் எழுந்துவிடும்.

எடிஷன் என்பது தனி வம்பு. இங்கே விற்கும் லேப்டாப்புகள் பலவற்றில் ஹோம் சிங்கிள் லாங்குவேஜ் என்ற எடிஷன் இருக்கிறது. ஹோம் வேறு, ஹோம் சிங்கிள் லாங்குவேஜ் வேறு, புரோ வேறு. ஒன்றின் உரிமம் இன்னொன்றுக்குச் செல்லாது. புரோ வேண்டும் என்று சாவி வாங்கிவைத்திருந்தாலும், ஃபர்ம்வேரில் ஹோம் சாவி இருந்தால் ஓஎஸ் கேட்காமலேயே ஹோமை ஏற்றிக்கொண்டு போய்விடும்.

தப்பு எப்போதும் நம் பக்கமே என்றும் இல்லை. 2018 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் சர்வரில் நேர்ந்த கோளாறால், முறையாகக் காசு கொடுத்தவர்களின் விண்டோஸ் 10 புரோ கம்ப்யூட்டர்கள், உங்களிடம் இருப்பது ஹோம் உரிமம் என்று சாதித்தன. 2019 ஜனவரியில் அலுவலகங்களின் விண்டோஸ் 7 கம்ப்யூட்டர்கள் போலி என்று அறிவித்துக்கொண்டன. இரண்டையும் நிறுவனமே சரிசெய்தது. அந்த நேரத்தில் அவசரப்பட்டு ஃபார்மட் செய்தவர்களுக்குத்தான் நஷ்டம். அதனால் எதையும் மாற்றாதபோது திடீரென்று எழுத்து வந்தால், ஒரு நாள் பொறுத்துப் பார்ப்பது நல்லது.

சாருடைய விஷயத்துக்கு வருகிறேன். ஸ்டிக்கரில் இருந்த விண்டோஸ் 7 சாவியை அடித்துப் பார்த்தேன், ஏற்கவில்லை. இலவச மாற்றத்தின் கெடு 2016 ஜூலையில் முடிந்த பிறகும் அந்தப் பழைய சாவிகள் பல ஆண்டுகள் வேலை செய்துகொண்டுதான் இருந்தன. 2023 செப்டம்பரில் அந்த வழியை அடைப்பதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்துவிட்டது. மிஞ்சியது ஒரே வழி. 2016 ஆகஸ்டிலிருந்து, டிஜிட்டல் உரிமத்தை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்துவைக்கலாம். போர்டு மாறினாலும் கணக்கைக் காட்டி உரிமத்தைக் கேட்கலாம். சார் கணக்கே தொடங்கியதில்லை. கணக்கு வாத்தியாருக்குக் கணக்கு இல்லை என்று அவரே சிரித்தார்.

அப்போதுதான் கேட்டேன். "சார், பழைய போர்டு என்ன ஆச்சு?"

கடைக்காரர் அதை எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொண்டிருந்தார். இன்னும் விற்கவில்லை. மறுநாள் கடைக்குப் போய், பழைய போர்டையும் பிராசசரையும் மேஜை மேலேயே இணைத்து, உறையில் இருந்த பழைய ஹார்ட் டிஸ்கை மாட்டினோம். விண்டோஸ் 10 எழுந்தது. இணையம் கொடுத்ததும் ஆக்டிவேட் ஆகியிருப்பதாகச் சொன்னது. சாருக்கு ஒரு கணக்குத் தொடங்கி, அதை அங்கேயே இணைத்தேன்.

புதுக் கம்ப்யூட்டரில் அதே கணக்கோடு நுழைந்து, ஆக்டிவேஷன் பக்கத்தில் டிரபிள்ஷூட்டரைத் திறந்து, சமீபத்தில் ஹார்டுவேர் மாற்றியதாகச் சொல்லும் வரியைத் தொட்டேன். அப்போதும் முடியாது என்றது. காரணம் கண்ணெதிரே இருந்தது: சாரின் உரிமம் புரோவுக்கு, கடைக்காரர் ஏற்றியிருந்தது ஹோம். இணையத்தைத் துண்டித்துவிட்டு, அந்த 3வி66டி என்று முடியும் பொதுச் சாவியைக் கொடுத்து எடிஷனைப் புரோவாக மாற்றினேன். மறுபடி டிரபிள்ஷூட்டர். பட்டியலில் பழைய கம்ப்யூட்டரின் பெயர் வந்தது. டிக் செய்தேன். மூலையில் இருந்த எழுத்து போய்விட்டது.

சாருக்கு இது சாத்தியமானதற்குக் காரணம் அவர் பெட்டியில் வாங்கியிருந்ததுதான். பெட்டியில் வாங்கிய உரிமத்தை ஒரு கம்ப்யூட்டரிலிருந்து எடுத்து இன்னொன்றுக்குக் கொண்டுபோக விதி அனுமதிக்கிறது. லேப்டாப்போடு வந்த உரிமம் அந்த லேப்டாப்போடுதான் முடியும்.

11-க்கு மாறக் கடைக்குக் கிளம்புகிறவர்கள் அதற்கு முன் செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்தை ஒருமுறை திறந்து பாருங்கள். உங்கள் எடிஷன் எது என்று குறித்துக்கொள்ளுங்கள். டிஜிட்டல் உரிமம் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைக்கப்பட்டுள்ளது என்ற வரி அங்கே இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால், பழைய போர்டு உயிரோடு இருக்கும்போதே இணைத்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலை.