வேப்: தடை வருவதற்கு முன்பே நம் கையில் இருப்பவை

வேப்புக்குத் தடை என்று நாளிதழில் செய்தி வந்தால் பினாங்கில் பல வீடுகளில் அன்றைக்கு ஒரு நிம்மதி. இனி அரசாங்கம் பார்த்துக்கொள்ளும் என்ற நினைப்பு. எனக்குக் கவலை தருவது அந்த நினைப்புதான். மாநிலத் தடை எதைத் தடுக்கும், எதைத் தடுக்காது என்று பெரும்பாலான செய்திகள் சொல்வதில்லை. இன்றைக்கே அமலில் இருக்கும் சட்டத்தையும் பலர் அறிவதில்லை.

ஜொகூர் 2016 ஜனவரி 1 முதல் வேப் விற்பனையை நிறுத்தியது. பெர்லிசும் திரெங்கானுவும் 2025 ஆகஸ்ட் 1 முதல் நிறுத்தின. மாநிலங்கள் இதற்குப் பயன்படுத்தும் கருவி வணிக உரிமம். வேப் விற்பதற்கு ஊராட்சி மன்றம் உரிமம் தராது, அவ்வளவுதான். ஒருவர் வேப் வைத்திருப்பதையும் இழுப்பதையும் இறக்குமதி செய்வதையும் மாநிலம் தடுத்துவிட முடியாது. அதெல்லாம் கூட்டரசின் கையில். முழுத் தடையை நோக்கியே அமைச்சு போகிறது என்று சுகாதார அமைச்சர் டாக்டர் சுல்கிப்ளி அமாட் 2025இல் பலமுறை சொன்னார். பினாங்கு பயனீட்டாளர் சங்கம் பல ஆண்டுகளாகக் கேட்டுவருவதும் அதுதான். சங்கத்தின் பக்கமே நானும். ஆனால் அறிவிப்புக்கும் அமலாக்கத்துக்கும் நடுவே எவ்வளவு காலம் ஓடும் என்பதை நாம் ஏற்கெனவே பட்டு அறிந்திருக்கிறோம்.

2023 மார்ச் 31 அன்று நிக்கோட்டின் திரவம் நச்சுப்பொருள் சட்டப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. மறுநாள் முதல் அதன்மீது மில்லிலிட்டருக்கு 40 சென் வரி. வேப்பைக் கட்டுப்படுத்தும் புதிய சட்டம் அமலுக்கு வந்ததோ 2024 அக்டோபர் 1இல். இடைப்பட்ட பதினெட்டு மாதங்கள் படிவம் ஒன்று மாணவனுக்கு நிக்கோட்டின் வேப் விற்ற கடைக்காரரை வயதைக் காட்டித் தண்டிக்க வழியே இல்லை. வருமானத்துக்காகப் பிள்ளைகளைத் திறந்த வெளியில் விட்ட காலம் அது. அதை மறக்கக் கூடாது. அதற்கு முன்பே நிலைமை மோசம்தான். 13 முதல் 17 வயதுக்குள் வேப் பயன்படுத்துவோர் 2017இல் 9.8 விழுக்காடு, 2022இல் 14.9 விழுக்காடு. இது தேசிய சுகாதார ஆய்வின் கணக்கு.

அந்தப் புதிய சட்டம்தான் இப்போது இருக்கும் 852ஆம் சட்டம். 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்கு வேப் விற்பது குற்றம். அந்த வயதில் அதை இழுப்பதும் குற்றம். இணையத்தில் விற்கக் கூடாது. அமைச்சில் பதியாத பொருளையும் விற்கக் கூடாது. நாசி கண்டார் கடை, அலுவலகம், பள்ளி, கோயில், பேரங்காடி என்று புகைத்தல் தடை உள்ள எந்த இடத்திலும் வேப்புக்கும் இடமில்லை. "இது வெறும் ஆவிதானே" என்று பக்கத்து மேசைக்காரர் சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம். கடைக்காரரிடம் சொல்லுங்கள், தடை அறிவிப்பு வைப்பது அவர் பொறுப்பு. அவர் கேட்காவிட்டால் மாநிலச் சுகாதாரத் துறைக்குப் புகார் செய்யலாம். பள்ளிப் பிள்ளைக்கு விற்ற கடை என்றால் கடையின் பெயர், முகவரி, நாள், நேரம் நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். இணைய விற்பனை என்றால் அந்தப் பக்கத்தையும் கட்டணச் சீட்டையும் உடனே படம் பிடித்து வையுங்கள். விற்பவர் இரவோடு இரவாகக் கணக்கை மூடிவிடுவார்.

சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் ஆபத்து வேறு விதமானது. திரவக் குப்பியில் மாம்பழப் படம், மூடியைத் திறந்தால் மிட்டாய் வாசம். இரண்டு வயதுக் குழந்தைக்கு அது நஞ்சென்று எப்படித் தெரியும்? வாயில் வைத்துவிட்டால் வாந்தி, வியர்வை, முகம் வெளிறுதல், படபடப்பு எல்லாம் வரலாம். அளவு கூடினால் வலிப்பும் வரும். விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். தோலில் பட்டிருந்தால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். நாடு முழுவதற்குமான தேசிய நச்சு மையம் நம் பினாங்கில், அறிவியல் பல்கலைக்கழகத்தில்தான் இருக்கிறது. கட்டணமில்லா எண் 1800-88-8099. மூச்சு திணறினாலோ குழந்தை மயங்கினாலோ 999. மருத்துவமனைக்குப் போகும்போது குப்பியையும் கையோடு கொண்டுபோங்கள்.

அமெரிக்காவில் வேப்பால் நுரையீரல் பாதிக்கப்பட்டு 2020 பிப்ரவரிக்குள் 2,807 பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள், 68 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் கஞ்சாச் சாறு கலந்த திரவத்தில் சேர்த்திருந்த வைட்டமின் ஈ அசிட்டேட்தான் முக்கியக் காரணம் என்று கண்டார்கள். இங்கும் போதைப்பொருள் கலந்த திரவங்களைப் போலீஸ் தொடர்ந்து பிடித்துவருகிறது. அப்படிப்பட்ட வேப்பை வைத்திருப்பவர் மீது பாய்வது 1952ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டம். நண்பன் கொடுத்தான், உள்ளே என்ன என்று தெரியாது என்று சொல்லும் பையனுக்கு வழக்கறிஞர் தேவைப்படும்.

வேப்பின் மின்கலம் வெடித்துக் கருவி பாழானால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 ரிங்கிட் கட்டி 50,000 ரிங்கிட் வரை கோரலாம். உடற்காயத்துக்கு இழப்பீடு வேண்டுமென்றால் சிவில் நீதிமன்றம்தான்.

பயணம் போகிறவர்களுக்கும் ஒன்று. சென்னைக்கு நேரடி விமானம் ஏறுமுன் பையைப் பாருங்கள். இந்தியாவில் 2019 முதல் மின் சிகரெட் இறக்குமதிக்கே தடை. முதல் குற்றத்துக்கு ஓராண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சிங்கப்பூரில் கையில் வைத்திருந்தாலே குற்றம். ஹட்யாய்க்குக் காரில் போகிறவர்கள் தாய்லாந்திலும் 2014 முதல் இறக்குமதித் தடை உண்டு என்பதை நினைவில் வையுங்கள்.

பிள்ளையின் பையில் ஹைலைட்டர் பேனா மாதிரி ஒன்று கிடைத்து, அது வேப் என்று தெரிந்தால் அன்றிரவே அடிக்கவும் வேண்டாம், உடைத்து எறியவும் வேண்டாம். எங்கே வாங்கினான், எத்தனை நாளாக இழுக்கிறான், தலைசுற்றலோ மறதியோ உண்டா என்று கேளுங்கள். நிக்கோட்டினுக்குப் பழகிய உடம்பு நிறுத்தும்போது எரிச்சலும் தூக்கமின்மையும் வரும்; அதை அடங்காமை என்று எண்ணிவிடக் கூடாது. புகைப்பதை நிறுத்த உதவும் பிரிவு அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குகளில் இருக்கிறது. எந்தக் கிளினிக்கில், எந்த நாளில் என்று கேட்டுக்கொண்டு பிள்ளையோடு நீங்களும் போங்கள்.