கனிமங்கள் காட்டும் வெப்ப வரலாறு

நிலத்தடி வெந்நீர்க்களம் ஒன்று இன்று எத்துணை வெப்பமுடையது என்பதை, ஆழ்துளையுள் இறக்கிய வெப்பமானி கூறிவிடும். முன்னர் எவ்வாறிருந்தது என்பதைக் கூறுவன, அத்துளையினின்று வெளிப்படும் பாறைத் துகளிலுள்ள கனிமங்களே. இவ்விரு சான்றும் முரணுமிடத்து நிலவியலார் கொள்ளும் முறை, பாடவேறுபாடு ஆராய்வார்க்கும் அறியத்தக்கதாதலின், ஐசுலாந்து நாட்டுக் களங்களைக் கொண்டு ஈண்டு விளக்குவாம்.

அந்நாட்டுப் பாறைகள் பெரும்பாலும் எரிமலைக் குழம்பு உறைந்து ஆகிய பசால்ட்டு ஆகும். வெந்நீர் அதனூடே செல்லுங்கால் பழைய கனிமங்கள் சிதைந்து புதியன தோன்றும். தோன்றுவது எது என்பது பெரிதும் வெப்பத்தைப் பொறுத்தது. 200 பாகை செல்சியசுக்குக் கீழ்ச் சுமெக்டைட்டு என்னும் களிமண் கனிமமும் சியோலைட்டு வகைகள் பலவும் தோன்றும். ஏறத்தாழ 230 பாகைக்கு மேல் குளோரைட்டு. 240 பாகையளவில் பசுமஞ்சள் நிறமுடைய எபிடோட்டு. 280 பாகையை ஒட்டி ஆக்டினோலைட்டு. வெப்பம் தணிந்தவுடன் இவை மறைந்துவிடுவதில்லை. ஆகவே, எபிடோட்டு மிக்க ஆழத்தில் வெப்பமானி 150 பாகையே காட்டுமாயின், அவ்விடம் குளிர்ந்துவிட்டது என்க. 280 பாகையிலும் சுமெக்டைட்டே காணப்படின், வெப்பம் அண்மையில் ஏறியது. பாறை அதற்கேற்ப இன்னும் மாறவில்லை என்பது கருத்து. எபிடோட்டு ஒன்றனையே நம்பி மின்னாக்கத்திற்குத் துளையிடுவோர் பெரும்பொருள் இழக்க நேரும்.

மாற்றத்தின் முறைவைப்பை அறியப் பாறையின் குமிழித் துளைகள் உதவுகின்றன. சுவரை ஒட்டிப் படிந்தது முந்தியது; நடுவே நிரம்பியது பிந்தியது. சுவரில் எபிடோட்டும் நடுவில் சியோலைட்டும் இருப்பின், களம் குளிர்ந்த வரலாறு அது. கனிமம் நிரம்பிய பிளவொன்றை மற்றொன்று வெட்டிச் செல்லின், வெட்டியதே பிந்தியது. சுவடியின் வரியிடையே புகுத்திய திருத்தத்தை மூலத்திற்குப் பிந்தியதென நாம் கொள்வதும் இவ்வாறே.

தென்கிழக்கு ஐசுலாந்திலுள்ள கெயிட்டாபெல் என்னும் பழைய எரிமலையைப் பனியாறுகள் ஆழ அரித்துவிட்டன. பல இலட்சம் ஆண்டுகளுக்கு முன் அவிந்த வெந்நீர்க்களத்தின் உட்பகுதியை அங்குத் துளையிடாமலே காணலாம். பிரிட்லெய்வ்சன் 1983-இல் அளித்த ஆய்வேடு, அங்குள்ள பிளவுகளும் குழம்புச் சுவர்களும் ஒன்றையொன்று வெட்டும் முறைகொண்டே அக்களத்தின் வரலாற்றை வகுத்தது.

இன்மையைச் சான்றாக்குதல் இங்கும் இடர்தருவதே. கரியமிலவாயு மிக்க நீரில் சுண்ணாம்புச் சத்து கால்சைட்டாகப் படிந்துவிடுமாதலின், வெப்பம் மிக்கிருந்தும் எபிடோட்டு தோன்றாதொழியலாம். அத்தகைய இடத்து, படிகத்துள் சிறைப்பட்ட நுண்ணிய நீர்த்துளியை நாடுவர். படிகத்தை மெல்லச் சூடாக்க, துளியிலுள்ள குமிழி ஒரு நிலையில் மறையும். துளி சிறைப்பட்ட காலத்து வெப்பம் அந்நிலைக்குக் குறைந்ததன்று.