உடலுக்குத் தக்க துணை: யோகாசனத்தில் கட்டையும் பட்டையும்

நடராசரின் ஆனந்தத் தாண்டவத்தைத் தில்லையில் கண்டவர்கள் இருவர் என்கிறது சிதம்பரத்தின் தலபுராணம்: புலிக்கால் முனிவரான வியாக்ரபாதர், பாம்பு உடல் கொண்ட பதஞ்சலி. யோக சூத்திரம் இயற்றியவரும் இந்தப் பதஞ்சலியே என்பது மரபு. ஆசனம் நிலையாகவும் சுகமாகவும் இருக்க வேண்டும் என்பது அந்நூல் தரும் இலக்கணம். வியாசர் பெயரில் வழங்கும் அதன் பழைய உரை ஆசனங்களை அடுக்கும்போது, துணைப்பொருளோடு அமரும் முறை ஒன்றையும் சேர்த்தே சொல்கிறது. ஐயப்பன், யோக நரசிம்மர் திருமேனிகளில் முழங்கால்களைச் சுற்றிக் கட்டியிருக்கும் யோகபட்டம் அத்தகைய துணைதான்.

இதை இக்காலத்தில் விரிவான முறையாக வளர்த்தவர் பி.கே.எஸ். ஐயங்கார் (1918–2014). மைசூரில் கிருஷ்ணமாச்சாரியாரிடம் பயின்று, புனேயில் கற்பித்தவர். சுவர், செங்கல், நாற்காலி, கயிறு என்று கைக்கு எட்டியவற்றையெல்லாம் ஆசனத்துக்குத் துணையாக்கினார். இன்று கடைகளில் கிடைக்கும் பிளாக் (கட்டை), பெல்ட் (பட்டை), திண்டு எல்லாம் அந்த வழியில் வந்தவை.

இவை என்ன செய்கின்றன? கால் நீட்டி அமர்ந்து முன்னே குனியும் பச்சிமோத்தானாசனத்தை எடுத்துக்கொள்வோம். தொடையின் பின்தசைகள் நாம் உட்காரும் எலும்பில் தொடங்கி முழங்காலுக்குக் கீழே முடிகின்றன. நாளெல்லாம் நாற்காலியில் இருப்பவருக்கு அவை இறுகியிருந்தால், கால் நீட்டி அமர்ந்ததுமே இடுப்பெலும்பைப் பின்னுக்குச் சாய்த்துவிடும். அந்த நிலையில் கால்விரலைப் பிடிக்கக் குனிந்தால் மடங்குவது இடுப்பு மூட்டு அல்ல, கீழ்முதுகு. ஒரு போர்வையை நான்காக மடித்து அதன் விளிம்பில் உட்காருங்கள். இடுப்பு தானாக முன்னே சாயும். பாதத்தைச் சுற்றிப் பட்டையைப் போட்டு இரு கையாலும் பிடித்தால், முதுகு நீண்டபடியே குனியலாம்.

கால்களை அகட்டி நின்று பக்கவாட்டில் சாயும் திரிகோணாசனத்திலும் இதே கதைதான். கை தரையைத் தொட்டே ஆக வேண்டும் என்று இறங்கினால் மேல்தோள் முன்னே சரியும், விலா சுருங்கும், முழங்காலில் பாரம் ஏறும். பாதத்துக்கு வெளிப்பக்கம் கட்டையை நிறுத்தி அதன் மேல் கை வையுங்கள். நெஞ்சு விரிகிறதா, மூச்சு தடையின்றி ஓடுகிறதா என்று பாருங்கள். உயரம் போதவில்லையென்றால் நாற்காலி இருக்கை போதும்.

துணை மிகவும் தேவைப்படும் இடம், தோள்களில் நின்று கால்களை மேலே உயர்த்தும் சர்வாங்காசனம். நம் கழுத்து இயல்பாக முன்னே மடங்குவது ஏறத்தாழ 50 பாகை. வெறுந்தரையில் இந்த ஆசனம் அதைச் செங்கோணம் வரை தள்ளும். போர்வைகளை மடித்து அடுக்கி, தோள்கள் அவற்றின் மேலும் தலை தரையிலும் இருக்குமாறு படுத்துச் செய்தால் அந்தக் கோணம் குறையும். உயர் ரத்த அழுத்தம், கண் நீரழுத்த நோய், கழுத்து எலும்புத் தேய்மானம் உள்ளவர்கள் போர்வை இருந்தாலும் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது.

சிதம்பரம் நடராசரின் பெயர் கொண்ட நடராஜாசனம் ஒற்றைக் காலில் நின்று மறுகாலைப் பின்னால் உயர்த்துவது. தோள் இறுக்கமானவர் பாதத்தை எட்டிப் பிடிக்க முயன்றால் இடுப்பு வெளியே திரும்பி, கீழ்முதுகு நசுங்கும். பாதத்தில் பட்டையை மாட்டித் தோளுக்கு மேலாகப் பிடித்து, மறுகையைச் சுவரில் ஊன்றினால் இடுப்பு நேராக நிற்கும்.

துணைப்பொருளிலும் நிற்கும் தரையிலும் கவனம் வேண்டும். நாற்காலியின் நான்கு கால்களும் வழுக்காமல் இருக்க வேண்டும்; சக்கரம் வைத்த நாற்காலி, லேசான பிளாஸ்டிக் நாற்காலி ஆகாது. பாரம் தாங்கும்போது கட்டை அமுங்கவோ ஆடவோ கூடாது. மூட்டுக்கு நேர் மேலே பட்டையை இறுக்கக் கூடாது. கடலூர் சில்வர் பீச்சில் காலைக் காற்று எவ்வளவு இதமாக இருந்தாலும், ஒற்றைக் கால் ஆசனங்களை மணலில் செய்யாதீர்கள். மணல் குழிந்தால் கணுக்கால் பிசகும்.

கட்டை வைத்துச் செய்வது முதியவர்களுக்கும் முடியாதவர்களுக்கும்தான் என்ற எண்ணம் இன்னும் பல வகுப்புகளில் இருக்கிறது. அதை விட்டுவிட வேண்டும். துணை இருந்தாலும் கூர்மையான வலியோ மரத்துப்போதலோ வந்தால் உடனே நிறுத்துங்கள். ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: முதல் நாளிலேயே ஒவ்வொருவரின் பாய்க்கு அருகிலும் ஒரு கட்டையையும் ஒரு போர்வையையும் வைத்துவிடுங்கள், கேட்கக் கூச்சப்படுபவருக்குத்தான் அது முதலில் தேவைப்படும்.