பெயர் சொன்ன பங்குனி

எங்கள் வீட்டுக் கொல்லையில், துவைக்கிற கல்லுக்கும் சுற்றுச்சுவருக்கும் நடுவே மூன்று வருடமாக ஒரு செடி நின்றது. நான் வைத்ததில்லை, யாரும் விதை போட்டதும் இல்லை. சுவரில் வந்து உட்காரும் கொண்டைக்குருவிகளின் எச்சத்தில் முளைத்திருக்க வேண்டும். களை என்று பிடுங்கக் குனிந்தவளை அதன் இலைதான் நிறுத்தியது. கரும்பச்சை நிறம், எடுப்பான நரம்பு, இரண்டிரண்டாக எதிரெதிரே அமைந்த ஒழுங்கு. கை வரவில்லை, விட்டுவிட்டேன். இடுப்பு உயரம் வந்தது, பிறகு தோள் உயரம். பெயர் மட்டும் தெரியவில்லை.

பார்த்தவர்கள் ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். ஏற்காட்டில் பிறந்த தோழி, "இது காப்பிச் செடிடி" என்றாள். தென்னைக்கு உரம் வைக்க வந்தவர் "காட்டு இட்லிப்பூ" என்றார். கைபேசிச் செயலியோ இலையைப் படம் எடுத்துக் காட்டிய ஒவ்வொரு முறையும் ஒரு பெயர் சொன்னது.

இலையை வைத்துச் செடியைச் சொல்வது கடினம். வெயில், நிழல், தண்ணீர், வயது எல்லாமே இலையின் அளவையும் நிறத்தையும் மாற்றும். பூ அப்படி எளிதில் மாறாது. அதனால்தான் 1753இல் லின்னேயஸ் தம் 'ஸ்பீஷிஸ் பிளாண்டாரம்' நூலில் மகரந்தத்தாள்களை எண்ணிச் செடிகளை வகுப்புகளாகப் பிரித்தார். நிலத்துக்கே குறிஞ்சி, முல்லை, மருதம் என்று பூவின் பெயரை வைத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பூக்கட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன்.

நாள்காட்டியாகும் தோட்டம்

காத்திருக்கும்போதுதான் மற்ற செடிகளையும் ஒழுங்காகப் பார்க்கப் பழகினேன். ஒரு பழைய நோட்டில் தேதி போட்டு எழுதத் தொடங்கினேன். மார்கழிக் குளிரில் டிசம்பர் பூ வேலியை ஊதாவாக்கும். கவாத்து செய்த மல்லிகை, மாசி பிறந்து வெயில் ஏறியதும் கணுவுக்குக் கணு மொட்டு வைக்கும். அந்திமந்தாரை சாயங்காலக் காப்பி நேரத்துக்கு விரியும். பவழமல்லி இரவெல்லாம் பூத்து, நான் வாசல் தெளிக்கப் போகும்போது மண்ணில் கிடக்கும். வருடாவருடம் இந்தத் தேதிகள் முன்னே பின்னே நகர்வதை நோட்டு காட்டியது. மரங்கள் துளிர்ப்பதையும் பூப்பதையும் இப்படியே பொதுமக்களைக் கொண்டு பதிவு செய்யும் 'சீசன்வாட்ச்' திட்டம் நம் நாட்டில் நடக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் பலர் அதில் பங்கெடுக்கிறார்கள்.

பெயர் தெரியாத செடிக்கும் அந்த நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கினேன். இரண்டு பங்குனி அது வெறும் பக்கமாகவே போனது.

மொட்டு விட்ட வாரம்

மூன்றாம் பங்குனியில் கிளை நுனியில் பச்சை முடிச்சு ஒன்று தெரிந்தது. ஒரே வாரத்தில் அது கொத்தாகப் பிரிந்தது. ஒவ்வொரு மொட்டும் தீக்குச்சி மாதிரி: நீண்ட மெல்லிய காம்பு போன்ற குழல், நுனியில் மட்டும் சின்னத் தலை. உற்றுப் பார்த்தால், அந்தத் தலையில் நான்கு இதழ்களும் ஒன்றையொன்று தழுவி, பிழிந்த துணிபோலத் திருகிக் கிடந்தன.

பிறகு ஒரு நாள் கொத்து முழுக்க வெள்ளையாக விரிந்தது. நான்கு இதழ், நான்கு மகரந்தப்பை. நடுவிலிருந்து ஒரு வெள்ளை இழை, பூவின் குழல் எவ்வளவு நீளமோ ஏறக்குறைய அதே நீளத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கொத்தைத் தள்ளி நின்று பார்த்தால், ஊசிகள் செருகிய வெள்ளைப் பந்து போலிருந்தது.

அந்த இழைதான் சூல்தண்டு. அது செய்யும் வேலை அழகானது. மொட்டு விரியும் முன்பே மகரந்தப்பைகள் உள்ளுக்குள் வெடித்து, பொடியைச் சூல்தண்டின் நுனியில் பூசிவிடும். பூ விரிந்ததும் அந்தப் பொடியை ஏந்திக்கொண்டு தண்டு வெளியே நீளும். குழலின் அடியில் இருக்கும் தேனுக்கு வரும் பட்டாம்பூச்சி, அந்துப்பூச்சிகளின் உடம்பில் பொடி ஒட்டிக்கொள்ளும். மகரந்தம் போய்ச் சேர்ந்த பிறகு, அதே நுனி வேறொரு பூவின் மகரந்தத்தை வாங்கிக்கொள்ளும். கொடுப்பதும் வாங்குவதும் ஒரே நுனி, முறைதான் வேறு.

அன்று பொழுது சாய்ந்ததும் மணம் எழுந்தது. எதிர் வீட்டு அப்பத்தா முழங்கால் வலியால் எங்கள் கொல்லைப் பக்கம் வருவதே கிடையாது. அன்று மெதுவாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"ஏத்தா, பாவட்டை பூத்திருக்கு போல?"

"இதோட பேரு பாவட்டையா அப்பத்தா?"

"ஆமா. எங்க ஊரு அய்யனார் காட்டுல பொதர் பொதரா நிக்கும்ல. எலய வதக்கி வாத வீக்கத்துக்குக் கட்டுவோம். வாசத்தை வச்சே சொல்லிருவேன்."

அவர் பிறந்தது அறந்தாங்கிப் பக்கம். புதுக்கோட்டை மாவட்டத்துக் கோயில்காடுகளில் பாவட்டை இன்றும் நிற்கிறது.

சரிபார்த்த விதம்

அப்பத்தா சொன்னதை நம்பினேன். ஆனாலும் சரிபார்க்காமல் விட மனமில்லை. முதலில் கணுவைப் பார்த்தேன். எதிரெதிர் இலைகளின் காம்புகளுக்கு நடுவே, தண்டை ஒட்டி, முக்கோண வடிவில் ஒரு சின்னச் செதில். எதிரடுக்கு இலையோடு இந்தச் செதிலும் இருந்தால் காப்பிக் குடும்பம் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். நுணாவும் மருக்காரையும் இட்லிப்பூவும் அந்தக் குடும்பம்தான். தோழி காப்பி என்றதும், உரக்காரர் இட்லிப்பூ என்றதும் தப்பில்லை. உறவைச் சரியாகவே பிடித்திருக்கிறார்கள்.

இட்லிப்பூவிலிருந்து இதை எப்படிப் பிரிப்பது? எங்கள் வாசலில் நிற்கும் சிவப்பு இட்லிப்பூவை எடுத்து வந்து பக்கத்தில் வைத்தேன். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கும் 99 பூக்களில் வெட்சி என்று வருவது இதைத்தான். அதற்கும் நான்கு இதழ்தான். ஆனால் அதன் சூல்தண்டு குழலுக்கு வெளியே கொஞ்சம்தான் எட்டிப் பார்க்கிறது. அடுத்து, பாவட்டை இலையை வெயிலுக்கு எதிரே பிடித்தேன். ஊசி முனையளவு கரும்புள்ளிகள் அங்கங்கே தெரிந்தன. அது நோய் இல்லை. இலைக்குள் பாக்டீரியா குடியிருக்கும் முடிச்சுகள். தளிர் மொட்டிலேயே தங்கி ஒவ்வொரு புது இலைக்குள்ளும் புகுந்து, விதை வழியாக அடுத்த செடிக்கும் கூடவே போகிற துணை அது. இட்லிப்பூ இலையில் அந்தப் புள்ளிகள் இல்லை.

கடைசியாகப் புத்தகம். திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினாட் உலர்தாவரத் தொகுப்பகத்திலிருந்து கே.எம்.மேத்யூ தமிழகச் சமவெளித் தாவரங்களுக்கு எழுதிய நூல் தொகுதிகள் இதற்குப் பெருந்துணை. அறிவியல் பெயரைப் பார்த்ததும் மலைத்துப் போனேன்: 'பாவெட்டா இண்டிகா'. கொச்சியில் டச்சு ஆளுநராக இருந்த வான் ரீடே, மலையாளக் கரையில் வழங்கிய பெயரைக் கேட்டு, 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக வந்த 'ஹோர்ட்டுஸ் மலபாரிக்குஸ்' நூலில் பதிந்தார். அதை லின்னேயஸ் 1753இல் அப்படியே பேரினப் பெயராக்கினார். இன்று ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் வளரும் 350க்கு மேற்பட்ட இனங்களுக்கு நம் மண்ணின் பெயர்தான் முன்பெயர். அந்தப் பெயரைத்தான் நான் மூன்று வருடம் தேடியிருக்கிறேன், எதிர் வீட்டில் கேட்காமலே.

உங்கள் கொல்லையிலும் பெயர் தெரியாத செடி நின்றால், இலையின் முன்பக்கம், பின்பக்கம், கணு, பூவின் பக்கவாட்டுத் தோற்றம், காய் என ஐந்தையும் படம் எடுத்து வையுங்கள். கிள்ளினால் பால் வருகிறதா, கசக்கினால் என்ன மணம் என்று குறித்துக்கொள்ளுங்கள். பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எதையும் வாயில் வைக்க வேண்டாம். பிறகு, ஊரில் வயதில் மூத்தவர் ஒருவரைக் கொல்லைக்குக் கூட்டி வாருங்கள்.

பாவட்டை இப்போது காய் பிடித்திருக்கிறது. மிளகளவு, பச்சை நிறம், தலையில் சின்னக் கிரீடம். கறுத்ததும் கொண்டைக்குருவிகள் வந்துவிடும். தின்றுவிட்டு எந்த வீட்டுச் சுவரில் போய் உட்காருமோ தெரியாது. அந்த வீட்டில் யாராவது மூன்று பங்குனி பொறுத்திருக்க வேண்டும்.